பந்தயக் கார் சீட்டும் ஏகாம்பரம் மேஸ்திரியும்

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நல்ல பெண், நான் வேலையை விட்ட பிறகு சேர்ந்தவள். "மேடம், அந்த ஸ்போர்ட்ஸ் கார் ஆர்டர் பத்தி எழுதுங்களேன். இங்க எல்லாரும் அதைப் பத்தித்தான் பெருமையா சொல்றாங்க. கொஞ்சம் பாசிட்டிவா எழுதுங்க மேடம்" என்றாள். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பாசிட்டிவாக வருமா என்று மட்டும் சொல்லவில்லை. அச்சில் போடுவதும் குப்பையில் போடுவதும் அவர்கள் இஷ்டம்.

நான் ஆம்பூருக்கு வெளியே ஒரு தோல் தொழிற்சாலையின் லேபில் வேலை செய்தவள். எங்கள் குடும்பத்தில் பெண் பிறந்தால் ஒன்று நர்ஸ், இல்லாவிட்டால் டீச்சர். வேலூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் வெள்ளை யூனிபார்ம்தான் கொடியில் காயும். நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு டேனரிக்குப் போகிறேன் என்றதும் அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "கல்யாணத்துக்கு வர்றவன் மூக்கப் பொத்திக்கினு வருவான்டி" என்றாள் அத்தை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் அமிலம் பார்ப்பது, ஈரம் பார்ப்பது, கிழித்துப் பார்ப்பது என்று போயின. அதில் எழுத ஒன்றும் இல்லை. பிறகு ஷேட் மேட்ச்சிங்குக்கு மாற்றினார்கள். அதாவது, வாங்குகிறவர் ஒரு தோல் துண்டை அனுப்பி இதே நிறம் வேண்டும் என்பார். அதே நிறத்தை நாங்கள் கொண்டுவர வேண்டும்.

சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. துண்டு வந்ததும் இரண்டாக வெட்டுவோம். ஒரு பாதி என் மேஜை டிராயரில் வெளிச்சம் படாமல் இருக்கும். இன்னொரு பாதி சாயப் பிரிவுக்குப் போகும். அங்கே சின்ன டிரம்மில் ஒரு தோலை மட்டும் போட்டுச் சாயம் ஏற்றுவார்கள். அதைக் காய வைத்து, எமரி பேப்பர் மெஷினில் தேய்த்து, என்னிடம் கொண்டுவருவார்கள். நான் அதை வடக்கு ஜன்னலுக்குக் கொண்டுபோய் மூலத்துண்டோடு ஒட்டினாற்போல் வைத்துப் பார்ப்பேன். பத்து மணிக்கு மேல், உச்சி வெயிலுக்கு முன்னால். மேகம் போட்டால் காத்திருக்க வேண்டும். டியூப்லைட்டில் பார்த்து ஓகே சொன்ன நிறம் வெயிலில் வேறு முகத்தைக் காட்டும்.

இந்த வேலையில் எனக்கு மேலே இருந்தவர் எங்கள் ஜி.எம். மெட்ராஸ்காரர், தோல் தொழில்நுட்பம் படித்தவர், எப்போதும் இஸ்திரி மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை. மனிதர் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. ஆனால் அவர் வாயிலிருந்து 'முடியாது' என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. லீவு கேட்டால் "பாக்கலாம்". கூடுதலாக ஒரு ஆள் கேட்டால் "பாக்கலாம்". மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டுவதற்குள் கேட்டவர் வெளியே போயிருப்பார். மறுநாள் வேறு யாராவது வந்து, "அது முடியாதாம்" என்று சொல்லுவார்கள். இல்லை என்ற சொல்லை அவர் தன் கையால் யாருக்கும் பரிமாறியதில்லை. எப்போதும் ஆள் வைத்துத்தான்.

சாயப் பிரிவு மேஸ்திரி ஏகாம்பரம். ஆம்பூரை ஒட்டிய கிராமம். டிரம் தள்ளுகிற ஆளாக வந்து, மேஸ்திரி ஆனவர். மேதை என்றெல்லாம் சொல்லிப் பொய் எழுத மாட்டேன். நன்றாக வேலை செய்வார், சில நாள் சொதப்புவார். சொதப்பினால், "மேகம் மேடம், மேகம். உங்க கண்ணுல தப்பு" என்பார். வாய் ஜாஸ்தி. ஆனால் பிரிவில் ஒரு ஆள் மேல் சூடான தண்ணீர் தெறித்தால் முதலில் ஓடுகிறவர் அவர்தான். மேஸ்திரி என்று கூப்பிட்டால்தான் திரும்புவார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் காது கேட்காது.

எங்களிடம் ஒரு விதி இருந்தது. அது வந்த கதையைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. தொண்ணூறுகளின் நடுவில் சிவப்பு ஷூ தோலுக்கு ஒரு ஆர்டர். வந்த துண்டு ஏதோ கடையின் கண்ணாடிப் பெட்டியில் மாதக்கணக்காக வெயில் தின்றது. அது யாருக்கும் தெரியவில்லை. வெளுத்த சிவப்பையே அச்சு அசலாகக் கொண்டுவந்து அனுப்பினோம். அவ்வளவும் திரும்பி வந்தது. அன்றைக்கு ஜி.எம். சாயப் பிரிவின் நடுவில் நின்று எல்லோரையும் கூட்டிச் சொன்னார்: "இனிமே எந்தப் பழைய சாம்பிள் வந்தாலும் மேல பாக்கக் கூடாது. தையல் இருந்தா பிரிங்க. மடிப்பு இருந்தா திறங்க. உள்ள வெளிச்சம் படாத எடத்துல இருக்கறதுதான் நெஜமான கலர்." எனக்குப் பத்துக் கட்டளை மனப்பாடம். இது பதினொன்றாவது ஆயிற்று. அதற்குப் பிறகு துண்டு வந்தால், ஏகாம்பரம் பிளேடை எடுத்துக்கொண்டு முதலில் தையலைத்தான் தேடுவார். அந்த விதியால் நாங்கள் பல ஆர்டர்களில் பிழைத்தோம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்களில் அந்தக் கார் ஆர்டர் வந்தது. ஐரோப்பாவில் ஒரு கார் கம்பெனி. பெயர் வேண்டாம். பல வருடங்களுக்கு முன்னால் அவர்களுடைய கார் ஒன்று பெரிய பந்தயத்தில் ஜெயித்ததாம். சும்மா சுற்றி வருகிற பந்தயம் இல்லை. ஒரு பகலும் ஒரு இரவும் நிற்காமல் ஓட வேண்டும். டிரைவர்கள் மாறுவார்கள், கார் மாறாது. அந்த வெற்றியைக் கொண்டாட ஒரு சிறப்புக் கார் போடுகிறார்கள், கொஞ்சம் எண்ணிக்கைதான், அதன் சீட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் ஆட்டுத்தோல் ஸ்வேட் வேண்டும் என்று மெட்ராஸ் ஏஜென்ட் வந்து சொன்னார். ஸ்வேட் என்றால் தோலின் உள்பக்கத்தைத் தேய்த்து வெல்வெட் மாதிரி ஆக்குவது.

ஏகாம்பரம் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ அவங்களும் நைட் ஷிப்ட் பாக்கறாங்கன்னு சொல்லுங்க" என்றார். ஏஜென்ட் சிரித்தார். ஜி.எம். சிரிக்கவில்லை.

ஒரு சின்ன டப்பாவில், மெல்லிய காகிதம் சுற்றி, துண்டு வந்தது. ஜெயித்த அந்தக் காரின் சீட்டிலிருந்தே எடுத்தது. உள்ளங்கை அகலம். ஓரம் மடித்துத் தைத்திருந்தது. மேல்பக்கம் பல வருடம் துவைத்த பள்ளிக்கூடப் பாவாடை நீலம். நடுவில் இன்னும் வெளிறி, ஒரு பக்கம் சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. டிரைவர்களின் தோள் உரசிய இடமாக இருக்க வேண்டும். வியர்வை உப்பு ஏறி, வெல்வெட் போன்ற அந்த ரோமம் அமுங்கிப் போயிருந்தது. ஏகாம்பரம் வழக்கம்போல் பிளேடை எடுத்தார். தையலைப் பிரித்தார். மடிப்பைத் திறந்தால், உள்ளே பளீரென்று ஒரு நீலம். நேற்றுச் சாயம் போட்ட மாதிரி. "பாத்தீங்களா மேடம், எங்க ஒளிஞ்சிக்கினு கீது பாரு" என்று குழந்தை மாதிரி சிரித்தார். பிறகு வழக்கப்படி இரண்டாக வெட்டி ஒன்றை என்னிடம் கொடுத்தார்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதை அப்போதே ஜி.எம்.மிடம் போய்ச் சொன்னேன். "சார், இது கடையில வெளுத்த சாம்பிள் இல்ல. பழைய கார் சீட்டு. அந்தப் பழசைத்தானே அவங்க கொண்டாடறாங்க? மேல இருக்கற கலர் வேணுமா, மடிப்புல இருக்கற கலர் வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டுடலாமே."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மேடம், பையர்கிட்ட கேள்வி கேட்டா, இவங்களுக்கு ஒண்ணும் தெரியலன்னு நெனப்பான். நம்ம ரூல் என்ன?"

"மடிப்பு சார்."

"அப்புறம் என்ன? ப்ரொசீட் பண்ணுங்க."

ப்ரொசீட் பண்ணினோம். ஏகாம்பரம் அந்த நீலத்துக்காகப் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு தடவை பச்சை அடித்தது, ஒரு தடவை ஊதா அடித்தது. கடைசியில் வடக்கு ஜன்னலில் வைத்துப் பார்த்தபோது எது மடிப்பு, எது எங்கள் தோல் என்று எனக்கே தடுமாற்றம். ஜி.எம். பார்த்தார், தலையை ஆட்டினார். முழு ஆர்டரும் சாயம் ஏறியது. காய்ந்தது. போனது.

அது திரும்பி வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் ஏஜென்ட் போன். நிறம் அவர்கள் கேட்டதே இல்லை, ஏதோ விளையாட்டுச் சாமான் நீலம் மாதிரி இருக்கிறது என்றார்களாம். அடுத்து, அந்தப் பழைய துண்டைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புங்கள் என்று கேட்டார்கள். அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது, அது திருப்பித் தர வேண்டிய பொருள் என்று. ஏஜென்ட் முதல் நாளே ஜி.எம். அறையில் சொல்லியிருக்கிறார். அந்தச் செய்தி ஏசி அறைக் கதவைத் தாண்டி லேபுக்கு வரவே இல்லை. இங்கே துண்டு இரண்டு பாதியாக, தையல் பிரிந்து கிடக்கிறது. நிறம் தப்பியதைக்கூட மன்னிப்பார்கள் போலிருந்தது, இதற்குத்தான் அவர்களுக்கு ஆத்திரம். கோயில் சிலையை உடைத்துவிட்ட மாதிரிப் பேசினார்களாம்.

முதலாளி எங்களைக் கூப்பிட்டார். வயதானவர், தொழுகைத் தொப்பியோடு உட்கார்ந்திருப்பார், யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசாதவர். ஜி.எம்., நான், ஏகாம்பரம் மூவரும் நின்றோம். இரண்டு பாதிகளும் மேஜைமேல் இருந்தன.

"இதை வெட்னது யாரு?" என்றார் முதலாளி.

ஜி.எம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் சாயபு" என்றார் ஏகாம்பரம். "எப்பவும் வெட்றதுதான். தையல் பிரிச்சதும் நான்தான்."

"யாரைக் கேட்டுப் பிரிச்சீங்க?"

ஏகாம்பரம் ஜி.எம். முகத்தைப் பார்த்தார். ஜி.எம். கண்ணாடியில் ஏதோ அழுக்கு இருந்தது போல, அது போகவே இல்லை. நான் பொறுக்கமாட்டாமல், "சார்தான் ரூல் போட்டாரு. மடிப்புல பாக்கணும்னு எல்லாருக்கும் சொன்னாரு" என்றேன். முதலாளி கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "அம்மா, நீங்க படிச்சவங்க. இதுல நீங்க வராதீங்க" என்றார். என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் ஏகாம்பரத்தை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அதைச் சொன்னதும் ஜி.எம். இல்லை. வாட்ச்மேன் சொன்னான். நான் நேராக ஜி.எம். அறைக்குப் போனேன். "சார், ரூல் உங்களோடது" என்றேன்.

"ஆமா மேடம், ரூல் நான் சொன்னேன். பிளேடை நான் எடுக்கலியே" என்றார். அவ்வளவு மென்மையாகச் சொன்னார். அந்த மென்மையை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

யூனியனுக்குப் போனார் ஏகாம்பரம். மேஸ்திரி என்றால் சூப்பர்வைசர், நீங்கள் நிர்வாகத்து ஆள், எங்களுக்குள் வர மாட்டீர்கள் என்றார்கள். நிர்வாகத்திடம் போனார். நீங்கள் தொழிலாளிதானே, ஸ்டாஃபுக்குக் கொடுக்கிற நோட்டீஸ் எல்லாம் உங்களுக்குக் கிடையாது என்றார்கள். மேஸ்திரி என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மனிதரை இரண்டு பக்கமும் தள்ளினார்கள். வேறு டேனரியில் சேரலாம் என்றால், ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை பஸ் போகுமுன் பேச்சு போய்ச் சேர்ந்துவிடும் ஊர் இது. வெளிநாட்டுக்காரன் சாம்பிளைக் கெடுத்தவன் என்று பெயர் பரவிவிட்டது. ஐம்பதைத் தாண்டியவரை யார் கூப்பிட்டு வைத்துக்கொள்வார்கள்? கொஞ்ச நாள் வீட்டில் இருந்தார். பிறகு ஊருக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்தில் பெருக்க, ஜெனரேட்டர் போட என்று சேர்ந்து, பந்தி பரிமாறுகிற ஆளாகப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வருகிறபோது ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "எப்படி இருக்கீங்க மேஸ்திரி?" என்றேன்.

"இன்னா மேடம், இன்னும் மேஸ்திரியா? இப்போ சாம்பார் வாளி" என்று சிரித்தார். உடனே முகம் மாறிவிட்டது. "சொல்லுங்க மேடம். ஜி.எம். சாருக்குக் கோவம் கொறஞ்சா கூப்புடுவாரா?" என்றார். நான், கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். கேட்கவும் கேட்டேன். பதில் என்னவாக இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். "பாக்கலாம்."

திரும்பி வந்த நீலத் தோல்களை யாரும் தொடவில்லை. அந்தப் பளீர் நீல ஸ்வேட்டை வைத்து ஷூ செய்ய யாருக்குத் தைரியம் வரும்? குடோனில் கிடந்தது. தோல்களைத் தரம் பிரிக்கிற செலக்‌ஷன் பிரிவில் மேஜைத் தகரம் பெயர்ந்து நல்ல தோலில் கீறல் விழுகிறது என்று, அந்த நீலத் தோல்கள் சிலவற்றை எடுத்து மேஜைமேல் விரித்து ஓரத்தில் ஆணி அடித்துவிட்டார்கள். அங்கே நிற்கிறவர்கள் எல்லாம் பெண்கள். கோடைக்காலத்தில் மேலே ஒரு மின்விசிறி, அதுவும் சத்தம்தான் போடும். தோலை இழுத்து, விரித்து, புரட்டி, தள்ளி, நாளெல்லாம் அந்த மேஜைமேல்தான் அவர்கள் முழங்கை.

மாதங்கள் போயின. அந்தக் கார்க்காரர்கள் வேறு ஊர்களில் கொடுத்துப் பார்த்தும் சரிவரவில்லையாம். கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்று அவர்கள் ஆளே நேரில் வந்தார். உயரமான வெள்ளைக்காரர், சிரித்த முகம். வெட்டுப்பட்ட துண்டு விவகாரத்தை அவர் வாய் திறந்து பேசவே இல்லை. ஜி.எம். அவரைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தார். நான் பின்னால் புது ஷேட் துண்டுகளைத் தட்டில் ஏந்திக்கொண்டு போனேன். செலக்‌ஷன் பிரிவில் வெள்ளைக்காரர் சட்டென்று நின்றார். குனிந்தார். மேஜை விரிப்பைக் கையால் தடவினார். இன்னும் குனிந்து மூக்கை வைத்தார்.

"இன்னா மேடம் அந்த ஆளு மேஜைய மோந்து பாக்கறாரு?" என்று என் காதில் கேட்டாள் மல்லிகா. அந்த மேஜையில் ரொம்ப நாளாக நிற்கிறவள்.

அவர் நிமிர்ந்து, "இது!" என்றார். ஆணியைப் பிடுங்கச் சொன்னார். தோலை ஜன்னலுக்குக் கொண்டுபோனார்கள். நானும் போய்ப் பார்த்தேன். பெண்களின் கை உரசி உரசி, வியர்வை ஊறி, ஓரத்தில் நீலம் தங்கி நடுவில் சாம்பல் பூத்து, அச்சு அசலாக அந்தப் பழைய சீட்டின் மேல்முகம். ஒரு பகலும் இரவும் ஓடிய டிரைவர்களின் தோள் செய்ததை எங்கள் பெண்களின் முழங்கை செய்திருந்தது. அவர்களுக்குக் கோப்பை கொடுப்பார் யாரும் இல்லை என்பது வேறு விஷயம். மறுநாளே புது விரிப்புப் போட்டு அதே மேஜையில் வேலையைத் தொடர்ந்தார்கள்.

அதன் பிறகு ஜி.எம். சுறுசுறுப்பானார். குடோனில் கிடந்த நீலத் தோல்களை எல்லாம் எடுத்து, சன்னமான எமரியில் மேலாகத் தேய்த்து, உப்புத்தண்ணீர் ஒற்றி, காய வைத்து, மறுபடி தேய்த்தோம். வந்துவிட்டது. வெள்ளைக்காரர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். ஜி.எம். அதற்கு 'எண்டியூரன்ஸ் ஃபினிஷ்' என்று பெயர் வைத்தார், தாக்குப்பிடித்த தோலாம். ஆர்டர் முழுக்கப் போனது. ஜி.எம்.முக்கு டைரக்டர் பதவி வந்தது. முதலாளி வீட்டில் பிரியாணி போட்டார்கள். நான் போகவில்லை. வயிறெரிந்துகொண்டு சாப்பிட்டால் செரிக்காது.

இதைப் படிக்கிறவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். போனது புதுத் தோல் இல்லை. ஏகாம்பரம் சாயம் போட்ட அதே தோல். எந்தத் தோலுக்காக அவரை கேட்டில் நிறுத்தினார்களோ, அந்தத் தோலேதான் அந்தக் காரில் சீட்டாக உட்கார்ந்திருக்கிறது.

இதை நான் ஜி.எம்.மிடம் போய்ச் சொன்னேன். "சார், இப்பவாவது மேஸ்திரியைக் கூப்பிடுங்க. அவர் போட்ட கலர்தானே அடியில இருக்கு?"

"மேடம், யோசிச்சுப் பேசுங்க. இப்ப கூப்பிட்டா, அப்ப அனுப்பினது தப்புன்னு ஆயிடும். அனுப்பினது யாரு? முதலாளி. முதலாளி தப்பு பண்ணிட்டாருன்னு சொல்ல வர்றீங்களா?" கண்ணாடியைத் துடைத்தார். "பாக்கலாம்."

இந்த முறை உண்மையிலேயே பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைக்கும்படி ஒன்று நடந்தது. சில வாரம் கழித்து ஒரு காலையில், கம்பெனி வேனில் ஏகாம்பரம் வந்து இறங்கினார். ஜி.எம். டிரைவரை அனுப்பிக் கூட்டிவரச் சொன்னாராம். சலவைச் சட்டை, நெற்றியில் விபூதி, ஒரு கையில் டிபன் கேரியர், இன்னொரு கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் அவருடைய பழைய ரப்பர் பூட்ஸ். "வந்துட்டீங்களா மேஸ்திரி!" என்றேன்.

"வந்துட்டேன் மேடம். மண்டபத்துல இன்னும் சொல்லல. மொதல்ல உள்ள போயி கன்பார்ம் பண்ணிக்கினு வா, அப்புறம் சொல்லலாம்னு வீட்ல சொல்லிட்டா. இன்னிக்கு ஒரு நாள் லீவு கேட்டுக்கினு வந்தேன்." சாயப் பிரிவு ஆட்கள் எல்லாம் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

அப்புறம்தான் ஒரு போட்டோகிராபர் வந்தார். அந்தச் சிறப்புக் காரை வாங்குகிறவர்களுக்குக் கார்ச் சாவியோடு ஒரு அழகான புத்தகமும் கொடுப்பார்களாம். அந்தப் பழைய பந்தயம், ஜெயித்த டிரைவர்கள், புதுக் கார், அதன் சீட்டுத் தோல் எப்படி உருவானது என்று படம் படமாக. அதற்கு ஒரு தொழிலாளியின் கைகள் வேண்டும். இப்போது சாயப் பிரிவில் மேஸ்திரி வேலை பார்ப்பவன் ஒல்லிப் பையன், கையில் பார்க்க ஒன்றும் இல்லை. முகத்தில் சுருக்கமும் கையில் நரம்பும் தெரிகிற ஆள் யார் என்று யோசித்து, ஜி.எம்.முக்கு ஏகாம்பரம் ஞாபகத்துக்கு வந்திருக்கிறார். இதை போட்டோகிராபரோடு வந்த ஏஜென்ட் என்னிடம் சொன்னார், ஏதோ நல்ல விஷயம் சொல்கிற மாதிரி.

ஏகாம்பரத்துக்கு இது தெரியாது. மேஸ்திரி திரும்பி வந்ததைப் படம் பிடிக்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டார். பூட்ஸ் மாட்டிக்கொண்டு டிரம்முக்குப் பக்கத்தில் நின்றார். போட்டோகிராபர் கேமராவில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கை ரொம்பச் சுத்தமாக இருக்கிறதாம். இருக்காதா? ஒரு வருடத்துக்கு மேல் சாயத்தைத் தொடவில்லை. ஒருத்தன் ஒரு குவளையில் அந்த நீலச் சாயத்தைக் கரைத்துக் கொண்டுவந்தான். ஏகாம்பரம் தானாகவே சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கை வரை முக்கினார். "இன்னும் கொஞ்சம் சூடு பண்ணா நல்லா புடிக்கும் சார்" என்று யோசனை வேறு சொன்னார். கையைத் தூக்கு, தோலைப் பிழி, இந்தப் பக்கம் திரும்பு என்று மத்தியானம் வரை வேலை வாங்கினார்கள். அந்தப் புத்தகம் பின்னால் வந்தது, நானும் பார்த்தேன். முகத்தைப் போடவில்லை. கைகள் மட்டும்தான். கீழே பெயரும் இல்லை.

எல்லாம் முடிந்து ஜி.எம். கிளம்புகிறபோது, லேப் வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: "மேடம், அவர் ஏதோ வேலைன்னு நெனச்சுக்கிட்டு வந்திருக்கார் போல. நீங்க கொஞ்சம் பக்குவமா சொல்லி அனுப்பிடுங்க." கார்க் கதவு சாத்திக்கொண்டது.

நான் சாயப் பிரிவுக்குப் போனேன். ஏகாம்பரம் அங்கே பெரிய டிரம்மின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு அந்த ஒல்லிப் பையனிடம் ஏதோ அதட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "மேடம், இவனுங்க தண்ணியக் கம்மியா வெக்கறானுங்க. அதான் திட்டுத்திட்டா புடிக்குது. நாளைக்கு எனக்கு எந்த ஷிப்ட்டுன்னு சார் சொன்னாரா?" என்றார்.

சொன்னேன். எந்தப் பக்குவமும் எனக்கு வரவில்லை. "வேலைக்கு இல்ல மேஸ்திரி. போட்டோவுக்குத்தான் கூப்பிட்டிருக்காங்க" என்றேன். சொல்லி முடிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. டிரம் மூடியைச் சத்தமில்லாமல் சாத்தினார். பூட்ஸைக் கழற்றி மஞ்சள் பையில் வைத்தார். எழுந்தவர் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மேடம், நாளைக்கு மண்டபத்துல முகூர்த்தம். பெரிய எடம். நான் பந்தி பரிமாறணும். இந்தக் கையோட எப்படி?" என்றார்.

அவரை லேபுக்குக் கூட்டிப்போனேன். சோப்புப் போட்டோம். எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொல்லித் தேய்த்தோம். சாயத்தை வெளுக்கிற பொடி எங்களிடம் உண்டு. அதைக் கரைத்துக் கொஞ்சம் ஊற்றினேன். எரிகிறது என்றார், ஆனாலும் ஊற்றுங்கள் என்றார். இதற்கு மேல் ஊற்றினால் தோல் உரியும் என்று நான்தான் நிறுத்தினேன். நகக்கண்ணிலும் ரேகைகளிலும் நீலம் அப்படியே இருந்தது. வேனை ஜி.எம். வேறு எங்கோ அனுப்பிவிட்டார். ஏகாம்பரம் பையையும் திறக்காத டிபன் கேரியரையும் தூக்கிக்கொண்டு, சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிவிட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நடந்தார்.

மறுநாள் மண்டபத்தில் பெண் வீட்டார் அவர் கையைப் பார்த்துவிட்டுச் சாதத்துப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். எச்சில் இலை எடுக்க விட்டிருக்கிறார்கள். பிறகு கை வெளுத்த பிறகும் அவரைத் திரும்பப் பந்திக்கு விடவில்லை. அவர் அங்கே இருந்தவரைக்கும் இலைதான் எடுத்தார்.